இதயத்தைத் தட்டி எழுப்பிய மின்பொறியாளர்

1969ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகம், 83 வயது முதியவர் ஒருவருக்கு மதிப்புறு மருத்துவர் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. அப்பல்கலைக் கழகம் தன் வரலாற்றில் அத்தகைய பட்டத்தை ஒருவருக்கு வழங்கியது அதுவே முதன்முறை. பட்டம் பெற்றவரோ மருத்துவக் கல்லூரியில் மாணவராக ஒரு நாளும் அமர்ந்தவர் அல்லர். மின்கம்பிகளையும் மின்காப்புப் பொருள்களையும் அளந்து ஆராய்வதிலேயே தம் இளமையைக் கழித்த மின்பொறியியல் பேராசிரியர் அவர். வில்லியம் கௌவன்ஹோவன் என்பது அவர் பெயர்.

அன்பு வாசகர்களே! இப்பெயரை உங்களில் பெரும்பாலோர் கேள்வியுற்றிருக்க மாட்டீர்கள். ஆயினும் அவருடைய உழைப்பின் விளைவை எங்கேனும் கண்டிருப்பீர்கள். மூச்சற்றுக் கிடக்கும் ஒருவரின் மார்பு நடுவே மற்றொருவர் இரு கைகளையும் ஊன்றி, விடாமல் அழுத்திக் கொண்டிருக்கும் காட்சியைத் தொலைக்காட்சியிலோ, இரயில் நிலையத்திலோ, மருத்துவமனை வாசலிலோ நீங்கள் பார்த்திருக்கலாம். நாளேடுகள் 'சி.பி.ஆர்.' என்று எழுதும் முதலுதவி அதுதான். அதன் உயிர்நாடியான மார்பு அழுத்தத்தை உலகம் ஏற்கும் வண்ணம் நிலைநாட்டியவர்கள் இந்தப் பேராசிரியரும் அவருடைய இளந்துணைவர் இருவருமே. அதற்கு முன்னரே, மார்பைப் பிளக்காமல் மின் அதிர்ச்சியால் இதயத்தைச் சீராக்கும் கருவி ஒன்றையும் அவர் உருவாக்கியிருந்தார்.

நம் வீடுகளில் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை எட்டிவிட்டால் 'டாக்டருக்கா, இன்ஜினியருக்கா?' என்ற கேள்வி வாசல் திண்ணை வரை வந்துவிடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று காணாத இரு கரைகள் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த இரு கரைகளுக்கும் இடையிலேயே தம் வாழ்நாளில் பாதியைக் கழித்த ஒருவரின் வரலாற்றை இங்கே பார்ப்போம்.

மின்கம்பத்தில் மாண்டவர்கள்

கௌவன்ஹோவன் 1886இல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். அங்கேயே மின்பொறியியல் பயின்று, பின்னர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரிலிருந்த தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் 1913இல் முனைவர் பட்டம் பெற்றார். மறு ஆண்டே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆசிரியராகச் சேர்ந்தார். 1930இல் பேராசிரியர், 1938இல் பொறியியல் பிரிவின் முதல்வர். இந்த அளவோடு நின்றிருந்தால் அவருடைய பெயர் பல்கலைக் கழகத்துப் பழைய பதிவேட்டில் மட்டுமே இருந்திருக்கும்.

அவரை வேறு திசைக்கு இழுத்தது மரணம். 1920களில் அமெரிக்க நகரங்களெங்கும் மின்கம்பிகள் விரைந்து பரவின. கம்பமேறிப் பணிபுரிந்த தொழிலாளர்கள் மின்சாரம் தாக்கிப் பலியாவது வாடிக்கையாயிற்று. இதைக் கண்ட மின் நிறுவனங்கள், மின்சாரம் மனித உடலை என்ன செய்கிறது, அதனால் விழுந்தவனை மீட்க வழியுண்டா என்று ஆராயுமாறு நிதி ஒதுக்கி அறிஞர்களைக் கேட்டுக் கொண்டன. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அந்தப் பணி உடலியல் அறிஞர் டொனால்டு ஹூக்கர், நரம்பியல் மருத்துவர் ஆர்த்தெல்லோ லாங்வொர்தி, மின்பொறியாளர் கௌவன்ஹோவன் ஆகிய மூவரிடம் வந்தது. உடலை அறிந்தவர் இருவர், மின்சாரத்தை அறிந்தவர் ஒருவர். பொருத்தமான கூட்டு!

அவர்கள் ஆராய்ந்த பொருளைப் புரிந்து கொள்ளச் சற்றே விளக்கம் தேவை. கடற்கரையூர்களில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இருபது முப்பது பேர் கயிற்றைப் பற்றி, ஒரே குரலில் ஒலியெழுப்பி, ஒரே நொடியில் இழுப்பார்கள். வலை கரையேறும். அதே ஆட்கள், அதே வலிமையுடன், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் என்னவாகும்? ஒவ்வொருவரும் வியர்வை சிந்துவர், வலையோ அசையாது. நம் இதயத்தின் தசையிழைகளும் அப்படித்தான். எல்லா இழைகளும் ஒருசேரச் சுருங்கினால்தான் இரத்தம் வெளியே தள்ளப்படும். அந்த ஒழுங்கைக் காப்பது இதயத்திலேயே தோன்றும் மிக நுண்ணிய மின்துடிப்பு. வெளியிலிருந்து பாயும் மின்சாரம் அந்தத் தாளத்தைக் கலைத்துவிட்டால், இழைகள் தனித்தனியே நடுங்கத் தொடங்குகின்றன. இதயம் அசைந்து கொண்டுதான் இருக்கும். ஆனால் ஒரு சொட்டு இரத்தமும் நகராது. மாரடைப்பின்போது பலர் திடீரெனச் சாய்ந்து உயிர்விடுவதும் பெரும்பாலும் இதே நடுக்கத்தால்தான்.

இதற்குப் பெரிய மின்னோட்டம் தேவையில்லை என்பதுதான் அச்சமூட்டும் செய்தி. பழைய 25 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவே ஒருவரின் கையிலிருந்து காலுக்கு மார்பின் வழியே ஓரிரு விநாடி பாய்ந்தாலும் இதயம் இந்நிலையை அடையக்கூடும். மின்சாரம் தாக்கி இறந்தவரின் உடலில் சில வேளை சிறு தழும்புகூடக் காணப்படாததன் காரணமும் இதுதான்.

ஹூக்கரும் தோழர்களும் பழைய ஏடுகளைப் புரட்டியபோது, ஜெனீவாவில் பிரெவோ, பாட்டெல்லி என்ற இருவர் 1899இலேயே குறித்து வைத்திருந்த ஒரு விந்தை கண்ணில் பட்டது. சிறு மின்னோட்டம் விலங்கின் இதயத்தை நடுங்கச் செய்கிறது. அதைவிட வலிய மின்னோட்டம் அந்த நடுக்கத்தை நிறுத்திவிடுகிறது! முப்பது ஆண்டுகளாக எவரும் பொருட்படுத்தாத செய்தி அது. பால்டிமோரில் நாய்களின் இதயத்தில் அதைச் சோதித்தார்கள். உண்மை என்று தெரிந்தது. வலிய அதிர்ச்சி எல்லா இழைகளையும் ஒரு கணம் ஒருசேர அடக்கிவிடுகிறது. அந்த அமைதியில் இதயத்தின் சொந்தத் தாளம் மீண்டும் தலைதூக்குகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்பார்களே, அது இங்கே எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. 1933இல் அவர்கள் இதனை வெளியிட்டார்கள்.

இந்த ஆராய்ச்சிகளில் எத்தனையோ நாய்கள் உயிரிழந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வாயில்லாப் பிராணிகளின் உயிர் கொடுத்துப் பெற்ற அறிவு இது. இதை எழுதும்போது அதை மறைத்து எழுத மனம் ஒப்பவில்லை.

1933இல் தெரிந்த உண்மை மனிதருக்குப் பயன்பட 14 ஆண்டுகள் ஆயின. இடையே உலகப் போர் குறுக்கிட்டது. 1947இல் கிளீவ்லாந்து நகரின் அறுவை மருத்துவர் கிளாட் பெக், 14 வயதுச் சிறுவன் ஒருவனின் இதயம் அறுவையின்போது நடுங்கி நின்றுவிடவே, திறந்த மார்பினுள் கையை விட்டு இதயத்தைப் பிசைந்து, மின் அதிர்ச்சி தந்து மீட்டார். மகத்தான சாதனை. ஆனால் அது அறுவைக்கூடத்தில் மட்டுமே நடக்கக்கூடியது. மின்கம்பத்தின் உச்சியில் மயங்கித் தொங்கும் தொழிலாளியின் மார்பை யார் பிளப்பது?

ஓய்வு பெற்றபின் தொடங்கிய பணி

1950களின் தொடக்கத்தில் மின் நிறுவனங்களின் கூட்டமைப்பு மீண்டும் கௌவன்ஹோவனை நாடியது. மார்பைத் திறக்காமலே வெளியிலிருந்து அதிர்ச்சி தரும் கருவி வேண்டும். அது எங்கும் எடுத்துச் செல்லக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. 1954இல் அவருக்குப் பணி ஓய்வு. வயது 68. நம் ஊர்களில் அந்த வயதில் ஒருவர் சாய்வு நாற்காலியை நாடினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இவரோ அதே பல்கலைக் கழகத்தின் மருத்துவப் பள்ளிக்குள் நுழைந்தார். 'நீலக் குழந்தை' அறுவையால் உலகப் புகழ் பெற்றிருந்த ஆல்பிரட் பிளாலாக், தம் அறுவை மருத்துவத் துறையில் அவருக்கு இடமளித்தார். நாற்பது ஆண்டுகள் பொறியியல் கற்பித்த ஒருவர், மருத்துவமனைக் கட்டடத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் புதிதாய்த் தொடங்கினார். பிளாலாக்கின் பெருந்தன்மையையும் இங்கே பாராட்டாமல் இருக்க முடியாது. தன் துறைக்கு வெளியே இருப்பவனிடமும் விடை இருக்கலாம் என்று நம்புவது பெரிய பதவியில் இருப்போர்க்கு எளிதன்று.

மார்பின் மேல் வைக்கும் தகடுகள் எவ்வளவு பெரியவையாக இருக்க வேண்டும்? எந்த இடத்தில் வைக்க வேண்டும்? எத்தனை வோல்ட், எத்தனை நொடி? தோல் தீயாமலும் இதயம் சிதையாமலும் மின்சாரம் உள்ளே போய்ச் சேர வேண்டுமே! இவையெல்லாம் மருத்துவரின் கேள்விகள் போலத் தோன்றினாலும் விடை காண வேண்டியவர் பொறியாளரே. வாழ்நாள் முழுவதும் மின்காப்பையும் மின்தடையையும் அளந்து பழகிய கை, இப்போது உயிருள்ள உடலின் மின்தடையை அளந்தது. இதற்கிடையில் பாஸ்டன் நகரில் பால் ஜோல் என்ற மருத்துவர், வெளியிலிருந்து அதிர்ச்சி தந்து நோயாளியை மீட்டதை 1956இல் வெளியிட்டார். கௌவன்ஹோவன் குழுவினரும் அக்காலத்திலேயே தம் கருவியை முடித்திருந்தனர். சக்கரம் பூட்டித் தள்ளிச் செல்ல வேண்டிய அந்தப் பெட்டியின் எடை ஏறத்தாழ 90 கிலோ.

1957 மார்ச் மாதத்தில் ஓர் இரவு. மாரடைப்புடன் மருத்துவமனைக்கு வந்த ஒருவர், அவசரப் பிரிவிலேயே சாய்ந்தார். இதயம் நடுங்கத் தொடங்கியிருந்தது. பணியிலிருந்த இளம் மருத்துவர் பிரீசிங்கருக்கு, மேல்தளத்து ஆய்வுக்கூடத்தில் பேராசிரியரின் கருவி இருப்பது நினைவுக்கு வந்தது. ஓடிச் சென்று அதைத் தள்ளிக் கொண்டு வந்தார். மின் அதிர்ச்சி தரப்பட்டது. இதயம் தன் தாளத்துக்குத் திரும்பியது. மின்பொறியாளரின் பெட்டி ஒரு மனிதரை மீட்டுக் கொடுத்த முதல் இரவு அது.

வெற்றிதான். ஆயினும் ஒரு கணக்கு இடித்துக் கொண்டே இருந்தது. இரத்த ஓட்டம் நின்றால் மூளை தாங்குவது நான்கைந்து நிமிடங்களே. அதற்குள் கருவி வந்து சேராவிட்டால்? நடுங்கும் இதயத்தை எந்த மின் அதிர்ச்சி மீட்டாலும், அழிந்த மூளையை அதனால் மீட்க இயலாது.

ஒரு மாணவரின் கண்

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. கௌவன்ஹோவனின் கீழ் கை நிக்கர்பாக்கர் என்ற மின்பொறியியல் மாணவர் பணிபுரிந்தார். நாயின் மார்பில் கனமான செப்புத் தகடுகளை வைத்து, நன்கு படியும்படி அழுத்தி, பிறகே அதிர்ச்சி தருவது வழக்கம். நாயின் தொடைத் தமனியில் இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி இணைக்கப்பட்டிருக்கும். மின்சாரம் செலுத்துவதற்கு முன்பே, தகட்டை அழுத்திய அந்தக் கணத்தில், அழுத்தக் கோடு சற்றே மேலெழும்புவதை நிக்கர்பாக்கர் 1958இல் கவனித்தார்.

எவ்வளவு சிறிய அசைவு! 'கருவியில் ஏதோ கோளாறு' என்று கருதித் தள்ளிவிட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஆசிரியரிடம் சொன்னார். ஆசிரியரும் 'நம் வேலை மின்சாரம், அதைப் பார்' என்று வாயடைக்கவில்லை. பல்லாண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு இந்த இடத்தில் கண் நின்றுவிடுகிறது. மாணவன் கேட்ட குறுக்குக் கேள்வியைப் பாடத்துக்கு இடையூறு என்று ஒதுக்கிய வகுப்பறைகள் எத்தனை! எழுபதைத் தாண்டிய பேராசிரியர், இருபதுகளில் இருந்த மாணவரின் ஐயத்தைத் தம் ஆராய்ச்சியின் மையமாக்கிக் கொண்டார்.

அழுத்தினால் இரத்த அழுத்தம் ஏறுகிறது என்றால், விட்டு விட்டு அழுத்தினால் இரத்தம் ஓடுமா? ஜேம்ஸ் ஜூட் என்ற இளம் அறுவை மருத்துவர் மூன்றாமவராக இணைந்தார். மார்பின் எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். ஒரு முறை நாயொன்றின் இதயம் நடுங்கத் தொடங்கியபோது அதிர்ச்சிக் கருவி அருகில் இல்லை; சில தளங்களுக்கு அப்பால் இருந்தது. அது வந்து சேரும் வரை, இருபது நிமிட அளவுக்குக் கைகளால் மார்பை அழுத்திக் கொண்டே இருந்தார்கள். பிறகு அதிர்ச்சி தரப்பட்டதும் அந்த நாய் உயிர் பிழைத்தது. நான்கைந்து நிமிடம் என்றிருந்த எல்லை அன்று நீண்டுவிட்டது.

இம்முறை அதற்கு முன் எவர்க்கும் தோன்றாத ஒன்றா எனில், இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிரெடெரிக் மாஸ் என்ற மருத்துவர் 1891இலேயே மார்பை அழுத்தி நோயாளிகளை மீட்டிருக்கிறார். அதை எழுதியும் வைத்தார். உலகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை மறந்து கிடந்தது. அந்த இடைக்காலத்தில் மருத்துவமனைகளில் இதயம் நின்றவர்களுக்கு மார்பைக் கீறிக் கையை உள்ளே விட்டுப் பிசைவதே வழியென்று இருந்தது. மாஸ் கண்டதை மீண்டும் கண்டபோது பால்டிமோர் மூவரிடம் இருந்த கூடுதல் செல்வம் எது? அளவு. அழுத்தினால் எவ்வளவு இரத்த அழுத்தம் கிடைக்கிறது என்பதை அவர்கள் காகிதத்தில் கோடாகக் காட்டினார்கள். கைராசி என்று எவரும் ஒதுக்க முடியாத சான்று அது. பொறியாளரின் பங்களிப்பு இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

1959இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பித்தப்பை அறுவைக்காக மயக்க மருந்து தரப்பட்ட பெண்மணி ஒருவரின் இதயம் நின்றது. நாடியில்லை, இரத்த அழுத்தமில்லை. வழக்கப்படி மார்பைக் கீறியிருக்க வேண்டும். ஜூட் கத்தியை எடுக்காமல், இரு கைகளால் மார்பை அழுத்தினார். துடிப்பு திரும்பியது. பிறகு அறுவையும் முடிந்து அப்பெண்மணி நலமடைந்தார்.

1960 ஜூலை 9 அன்று அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் ஆகிய மூவர் பெயரால் கட்டுரை வெளியாயிற்று. 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்த விவரம் அதில் இருந்தது. இனி இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை, எவரும் எங்கும் தம் இரு கைகளைக் கொண்டே தொடங்கலாம் என்று அக்கட்டுரை அறிவித்தது.

சற்றே நிதானித்துச் சிந்தியுங்கள், வாசகர்களே! கருவி செய்வதற்காகவே நிதி பெற்றவர். கருவி செய்வதிலேயே முதுமையைச் செலவிட்டவர். அவரே, முதல் சில நிமிடங்களுக்குக் கருவியே வேண்டாம், கை போதும் என்று எழுதுகிறார். தம் பெட்டியின் பெருமையை விடத் தரையில் கிடப்பவனின் நிமிடங்கள் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கின்றன.

அதே பால்டிமோரில் பீட்டர் சஃபார் என்ற மருத்துவர், வாயோடு வாய் வைத்து மூச்சூட்டும் முறையை அக்காலத்தில்தான் ஆராய்ந்து நிறுவியிருந்தார். ஒன்று மூச்சைத் தந்தது. மற்றொன்று இரத்த ஓட்டத்தைத் தந்தது. 1960 செப்டம்பரில் மேரிலாந்து மாநில மருத்துவர்களின் கூட்டத்தில் இரண்டும் ஒரே சிகிச்சையின் இரு பகுதிகளாக இணைத்து முன்வைக்கப்பட்டன. இன்றைய சி.பி.ஆர். அப்படிப் பிறந்ததே.

பெட்டி சுருங்கிய கதை

கருவியைப் பேராசிரியர் கைவிட்டுவிடவில்லை. கைகள் நேரத்தை நீட்டித் தரும். நடுங்கும் இதயத்தைத் திருத்துவதற்கு மின் அதிர்ச்சி வேண்டும். 1960களின் தொடக்கத்திலேயே அவருடைய குழுவின் முயற்சியால் ஏறத்தாழ 20 கிலோ எடையில், பயணப் பெட்டி போல் தூக்கிச் செல்லும் கருவி உருவாயிற்று. 1962இல் பாஸ்டனின் பெர்னார்டு லவுன், மாறுமின்னோட்டத்திற்குப் பதில் நேர்மின்னோட்டத்தைப் பயன்படுத்துவது இதயத்துக்குப் பாதுகாப்பானது என்று காட்டினார். பிற்காலக் கருவிகள் அவ்வழியிலேயே சென்றன. 1980 பிப்ரவரியில் மிஷேல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் உருவாக்கிய, உடலுக்குள்ளேயே பொருத்தும் சிறு கருவி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. எங்கே தெரியுமா? அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில். 90 கிலோப் பெட்டியை இரவில் தள்ளிக் கொண்டு வந்த அதே நிலையத்தில், 23 ஆண்டுகளுக்குள், கால் கிலோவை ஒட்டிய ஒரு பொருள் அந்த வேலையைச் செய்தது. இன்று விமான நிலையங்களிலும் பெரிய கட்டடங்களிலும் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.இ.டி. கருவி, தானே இதயத்தின் நிலையை அறிந்து, என்ன செய்ய வேண்டும் என்று வாயால் சொல்லியும் கொடுக்கிறது.

உள்ளே பொருத்தும் கருவியைக் காணக் கௌவன்ஹோவன் இல்லை. 1975 நவம்பரில் 89 வயதில் அவர் மறைந்தார். பொறியாளர்கள் 1961இல் அவருக்கு எடிசன் பதக்கம் அளித்தார்கள். மருத்துவ உலகின் பெரும் விருதான லாஸ்கர் விருது 1973இல், பாஸ்டனின் பால் ஜோலுக்கும் அவருக்குமாகச் சேர்த்து வழங்கப்பட்டது.

வீட்டில் நேர்ந்தால்

அந்தப் பேராசிரியரின் ஆராய்ச்சி மின்சாரம் தாக்கியவனில் தொடங்கியது. நம் வீடுகளிலும் ஆபத்து அங்கேயே காத்திருக்கிறது. ஈரக் கையால் தொடும் வெட் கிரைண்டர், உறை கிழிந்த இஸ்திரிப் பெட்டி ஒயர், துணி காயப்போட ஜன்னல் கம்பியிலிருந்து கட்டிய இரும்புக் கொடி ஆகியவை மழைக்காலத்தில் எமனாக மாறுவதைச் செய்தித்தாள்களில் ஆண்டுதோறும் படிக்கிறோம். கசிவு ஏற்பட்ட மறுகணமே மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு கருவி மின்பலகையில் பொருத்தக் கிடைக்கிறது, எலெக்ட்ரீஷியன்கள் 'ஈ.எல்.சி.பி.' அல்லது 'ஆர்.சி.சி.பி.' என்பார்கள். வீடுகளுக்கென விற்பது பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுடையது. இதயத்தை நடுங்கச் செய்யும் அளவை மின்னோட்டம் எட்டுமுன்பே துண்டித்துவிடும். திருமணத்திற்கு அலங்கார விளக்குப் போடும் செலவில் ஒரு பகுதி போதும் அதற்கு.

மின்சாரம் தாக்கியவரை முதலில் தொடவே கூடாது. மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அது இயலாதபோது உலர்ந்த மரக்கட்டையால் ஒயரை விலக்க வேண்டும். தெருவில் அறுந்து விழுந்த மின்கம்பியாயின் அருகிலேயே போகாமல் மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். மின்சாரம் நின்றது உறுதியான பின்பு, விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்க அழையுங்கள். அசைவில்லை, மூச்சுமில்லை, அல்லது அவ்வப்போது ஏக்கமாய் இழுக்கும் மூச்சு மட்டும் இருக்கிறது என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஒருவரை 108க்குத் தொலைபேசச் சொல்லுங்கள். மாரடைப்பால் சாய்ந்தவருக்கும் இதே முறைதான்.

கட்டிலில் வைத்துச் செய்யக் கூடாது. மெத்தை அமுங்கும், மார்பு அமுங்காது. தரையில் மல்லாக்கக் கிடத்த வேண்டும். மார்பின் நடு எலும்பின் கீழ்ப்பாதியில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறு கையை வைத்து, முழங்கையை மடக்காமல், உடலின் பாரம் இறங்கும்படி அழுத்த வேண்டும். 1960ஆம் ஆண்டுக் கட்டுரை 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழமும் நிமிடத்திற்கு 60 முறையும் கூறியது. பிற்கால ஆராய்ச்சிகள் அதை மாற்றிவிட்டன. இன்றைய விதி, வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் மேலெழ விட வேண்டும். மூச்சூட்டப் பயிற்சி இல்லாதவர் அழுத்துவதை மட்டும் செய்தாலும் போதுமென்று அமெரிக்க இதயச் சங்கம் 2008இல் அறிவித்தது. நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சூட்டுதல் மிக முக்கியம்.

விலா எலும்பு முறிந்துவிடுமோ என்ற அச்சம் வேண்டாம். சில வேளை முறியும், பிறகு அது கூடிவிடும். செய்தால் எல்லாரும் பிழைத்து எழுவர் என்று நான் சொல்ல மாட்டேன். 20க்கு 14 என்பது மருத்துவர்கள் சூழ நின்ற மருத்துவமனைக் கணக்கு. வீட்டிலும் வீதியிலும் இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே இன்றும் பல நாடுகளில் அரிது. எதுவுமே செய்யாமல் கூடி நின்று விசிறிக் கொண்டிருந்தால் அந்த ஒருவரும் இல்லை. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. இது எளிதில் களைப்பூட்டும் வேலை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறிச் செய்ய வேண்டும். எனவே வீட்டில் ஒருவர் மட்டும் கற்றிருந்தால் போதாது. உம்மாவும் அறிந்திருக்க வேண்டும், பள்ளிக்குச் செல்லும் மூத்த பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும்.

இதை உயிரோடு நலமாய் இருப்பவர் மீது அழுத்திப் பழகக் கூடாது. அதற்கென்றே பொம்மை இருக்கிறது. நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் நகரில் ஆஸ்மண்ட் லேர்டால் என்ற விளையாட்டுப் பொம்மை வியாபாரி, மருத்துவர்கள் கேட்டுக் கொண்டபடி 1960இல் முழு மனித அளவில் ஒரு பயிற்சிப் பொம்மையைச் செய்தார். மார்பு அழுத்தத்தின் சிறப்புத் தெரிய வந்ததும், அதன் மார்புக்குள் ஒரு சுருள்வில்லையும் வைத்தார். உலகெங்கும் முதலுதவி வகுப்புகளில் இன்றும் அவ்வகைப் பொம்மைகளே தரையில் கிடத்தப்படுகின்றன. செஞ்சிலுவைச் சங்கமும் பெரிய மருத்துவமனைகள் பலவும் இப்பயிற்சியை அளிக்கின்றன. மதரஸா ஆண்டுவிழாவுக்கோ ஜமாஅத் கூட்டத்துக்கோ ஊர் கூடும் நாளில், அத்தகைய பயிற்சியாளர் ஒருவரைப் பொம்மையுடன் அழைத்து வந்தால், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே கற்பித்து முடிக்க அரைநாள் போதும்.